மட்டம்

தொட்டி நிறைந்தால் ஃபுல் என்று எரியும்.
நான்கு பெட்டி, பெட்டிக்கு ஏழு கோடு.
மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்தில்
மாடிப்படி அடியில் மாட்டிவிட்டு வந்தேன்.
மூன்றாம் நாள் மோட்டார் போடுகிற மகிமைதாஸ் கூப்பிட்டார்.
"முன்னால ஒரு கொடிக்கம்பம் நிக்குது மேடம்,
அப்புறம் ப, ட, ட.
கம்ப்ரசர் பட்டை அறுந்துபோச்சோன்னு
மோட்டாரை அணைச்சிட்டேன்."
தொட்டி அப்போது வழிய இருந்தது.
தப்பாகப் படித்துச் சரியாகச் செய்திருக்கிறார்.

அன்று ராத்திரி ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில்
கொசுவத்திப் புகைக்குள் உட்கார்ந்து
அந்தச் சொல்லை எரியவிட்டுப் பார்த்தேன்.
யு அல்ல அது, ப.
எல் அல்ல, ட.
பதினொரு வருஷமாக இவற்றை எரியவிடுகிறேன்,
ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை.

கட்டம் போட்ட தாளுக்கு மற்றவர்களைக் கூப்பிட்டேன்.
ர வந்தது.
துணைக்காலும் அதே சட்டையில் வந்தது,
யார் யாரென்று எனக்கே தெரியவில்லை.
ம முதலில் பிடிவாதம் பிடித்தது, பிறகு
தலைக்கோடு இல்லாத ஆறாக உட்காரச் சம்மதித்தது.
ண வாசலிலேயே நின்றது,
மூன்று சுழியையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
ழ-வை நான் கூப்பிடவேயில்லை.
பதினாறு கோட்டுப் பெட்டி கிடைக்கும்தான்.
கோடு கூடினால் கால் கூடும்,
கால் கூடினால் கம்பி கூடும்,
கம்பி கூடினால் சங்கச் செயலாளர் வைத்தமாநிதியின்
குரல் கூடும்.
ஆக, தண்ணீர் என்று எழுத வரவில்லை.
மட்டம் என்று எழுத வந்தது.

இடறியது புள்ளி.
எண்ணுக்கு அது காலடியில் கிடக்கும்,
மெய்யெழுத்துக்குத் தலைமேல் வேண்டும்.
பெட்டிகளைத் தலைகீழாக்கிப் பற்றவைத்தேன்.
நிரலில் உச்சிக்கோடும் அடிக்கோடும் இடம் மாறிக்கொண்டன.
வலக்காலில் இருந்த புள்ளி இடத்தலைக்கு ஏறியது,
ஏறியதும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்விட்டது.
போகட்டும்,
ஒருவர் புள்ளியை அடுத்தவர் வைத்திருக்கட்டும்.
முதல் ட-வின் புள்ளியை இரண்டாம் ட
தோளில் வாங்கிக்கொண்டது.
கடைசி ம-வுக்குப் பின்னால் ஆளில்லை.
ரிச்சி தெருவில் இன்னொரு பெட்டி, பதினெட்டு ரூபாய்.
ஏழு கோடும் இருட்டு,
மூலையில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு.

"அஞ்சாவதுல ஒண்ணுமே எரியலையே, அது எதுக்கு?"
"எரியுது சார்."
"மட்டம்னு போட்டா கட்டடத்தையே
மட்டம்னு சொல்ற மாதிரி இல்ல?"
அதற்கு என்னிடம் கோடு இல்லை.
மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த புனேக்காரர்கள்
பி, எல்எல்பி என்று படித்துவிட்டு
வக்கீல் எந்த வீட்டில் என்று விசாரித்தார்கள்.
மகிமைதாஸ் எதுவும் கேட்கவில்லை.
சொல் இரண்டு நொடி, அடிக்கணக்கு மூன்று நொடி,
மறுபடி சொல்.
தினமும் காலை ஐந்தேகாலுக்கு
அதன் எதிரே நின்று பல் துலக்குவாராம்.

மே மாதம் போர் வற்றியது.
லாரிக்குப் பதிவு செய்து நான்கு நாள்.
இரவு பதினொன்றரைக்குக் கைபேசி.
"சுழியம்தானே மேடம் வரணும்? ப வருது."
உச்சிக்கோடு செத்திருக்கும்.
தலை அணைந்த சுழியம் ப.
மாற்றுப் பெட்டி எந்த டப்பாவில் என்று
இருட்டில் துழாவ ஆரம்பித்தேன்.
அவர் இன்னும் லைனில் இருந்தார்.
"மூடி தெறந்து கெடக்குன்னு சொல்லுதாக்கும்னு
டார்ச் எடுத்துக்கிட்டு மொட்டைமாடி ஏறிப் பாத்தேன்."

பார்த்து?

"மூடி மூடித்தான் இருந்துச்சு.
உள்ளதான் ஒண்ணுமில்ல."